தட்டாத இரண்டு குழாய்கள்

ஏழாம் நம்பர் குழாயின் மண்ணில் ஈரம் குறைந்திருந்தது. கடலடி மண்ணைக் குழாய்களில் எடுத்த கப்பலில் எழுதிக் கொடுத்த தாளில் நூற்றுக்கு முப்பத்தாறு என்று இருந்தது. சுதர்ஷினியின் கணக்கில் முப்பதுதான் வந்தது. அடுப்பில் காய வைத்த மண்ணை மறுபடி நிறுத்துப் பார்த்தாள். மறுபடியும் முப்பதுதான். தராசைக் குறை சொல்ல முடியாது, போன கிழமைதான் சரிபார்த்திருந்தார்கள்.

கப்பல்காரர்கள் பன்னிரண்டு குழாய்களில் மூன்றுக்குத்தான் ஈரம் பார்த்திருந்தார்கள். ஒன்று, ஆறு, ஏழு. அவள் பழைய தாள்களை எடுத்து ஒன்றையும் ஆறையும் ஒப்பிட்டாள். அவற்றிலும் குறைவு. இதை மண் வந்த அன்றே பார்த்திருக்க வேண்டும். லொறி வந்த இரண்டு நாளும் அவள் ராகலையில் சரிந்த மேட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது வேலை தலைக்குமேல் கிடந்தது, தாள்களைப் புரட்டாமலே சோதனையைத் தொடங்கிவிட்டாள். இப்போது ஐந்து குழாய்கள் முடிந்து, முடிவுகள் கொழும்புக்கும் போய்விட்டன.

மன்னார்க் கடலின் அடியிலிருந்து எடுத்த மண் அது. கடலுக்குள் காற்றாலைக் கோபுரம் நிறுத்தப் போகிறார்கள், அதன் காலை எவ்வளவு ஆழம் இறக்குவது என்று தெரிய வேண்டும். கொழும்பில் இருந்த மண் சோதிக்கும் இயந்திரம் பழுதாகிப் போனதால் மண் மலையேறி வந்தது. மஸ்கெலியாவுக்கு மேலே, மூடிப்போன தேயிலைப் பெக்டரியின் கீழ்த்தளத்தில் இருந்தது சண்முகராஜாவின் மண் பரிசோதனைக் கூடம். ஹட்டன் கடைவீதிக் குடும்பத்துப் பிள்ளை, பொறியியல் படித்துவிட்டு, அப்பாவின் துணிக்கடையில் உட்கார மாட்டேன் என்று இங்கே வந்து உட்கார்ந்தவர். மண்சரிவுக்காக வாங்கிப் போட்ட இயந்திரம்தான் கடலுக்கும் பயன்பட்டது. மண்ணை ஒரு துண்டு வெட்டி, ரப்பர் உறை போட்டு, உப்புத்தண்ணீரில் ஊற வைத்து, அலையும் காற்றும் கோபுரத்தை ஆட்டுவதைப் போல அதை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். எத்தனையாவது ஆட்டத்தில் மண் கஞ்சியாகிறது என்பதுதான் கேள்வி.

ஐந்து துண்டுகளும் ஆறாயிரம் ஆட்டத்துக்குமேல் அசையாமல் நின்றிருந்தன. சண்முகராஜா எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

மணலும் இல்லாத, களிமண்ணும் இல்லாத வண்டல் அது. சுதர்ஷினி ஏழாம் நம்பர் மண்ணில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் தெளித்து உள்ளங்கையில் வைத்துக் கையைத் தட்டினாள். தட்டத் தட்ட மேலே தண்ணீர் கசிந்து பளபளத்தது, மண் கீழே இறுகியது. குழாய்க்குள்ளும் இதேதான் நடந்திருக்கிறது. யாரோ தட்டி இறுக்கி, மேலே ஊறிய தண்ணீரைத் துணியால் ஒத்தி எடுத்திருக்கிறார்கள். இறுகிய மண் ஆறாயிரம் என்ன, பத்தாயிரமும் தாங்கும். கடலடியில் கிடக்கும் மண் தாங்காது.

அவள் இப்போதுதான் குழாயின் வாயைக் கவனித்துப் பார்த்தாள். கப்பலில் ஊற்றிய சிவப்பு மெழுகைப் பெயர்த்த தடம், அதற்குமேல் வெள்ளை மெழுகு, விளிம்பில் ஒரு சொட்டு வழியாமல் அவ்வளவு நேர்த்தியாக ஊற்றியிருந்தது. பன்னிரண்டிலும் அப்படித்தான். அந்த நேர்த்தி யாருடையது என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளுடைய அண்ணன் கஜேந்திரன்தான் அங்கே ஸ்டோர் பார்த்தான்.

இதே பெக்டரியில் பதினேழு வருஷம் தேயிலை பொதி கட்டியவன் அவன். பொதிக்குள் காற்று இருக்கக் கூடாது, இருந்தால் தேயிலை நமத்துப் போகும். நாலு பக்கமும் தட்டித் தட்டித் தூளை அமர வைத்துத்தான் வாயைக் கட்ட வேண்டும். அவன் கட்டிய சாக்கில் ஒரு விரல் நுழைய இடமிருக்காது என்று பெக்டரியை நடத்திய டீமேக்கரே சொல்லுவார். பெக்டரி மூடியபின் இரண்டு வருஷம் கிடைத்த கைக்காசு வேலைக்கெல்லாம் போய் அலைந்தவனை, சுதர்ஷினிதான் சண்முகராஜாவிடம் கெஞ்சி இங்கே சேர்த்துவிட்டாள். ஸ்டோர் வேலையோடு பெக்டரி குவாட்டர்ஸும் கிடைத்தது. இரண்டு அறை, கல்லுச்சுவர், சமதரை.

அந்தச் சமதரைதான் பெரிய விஷயம். அதற்குமுன் கஜேந்திரனும் மனைவி ஜீவராணியும் மகள் ஷாமிலாவும் மேல்பிரிவு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. நாலு வருஷத்துக்குமுன் அந்த மண்ணைச் சோதித்து, மழைக்காலத்தில் யாரும் இங்கே தங்கக் கூடாது என்று எழுதியவளும் சுதர்ஷினிதான். சனங்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பிறகு வீடும் வரவில்லை, காணியும் வரவில்லை, பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் குடும்பம் மட்டும் இந்த வேலையால் கீழே இறங்கித் தப்பித்தது.

அவள் ஸ்டோருக்குப் போனாள். கஜேந்திரன் குழாய்த் தாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, குழாய யாரு தொறந்தது?"

"யாரும் தொறக்கலியே. வந்த மாதிரியேதான் இருக்கு."

"மேல வெள்ளை மெழுகு இருக்கு."

"ஓ, அதா. லொறி குலுங்குனதுல பழைய மெழுகு வெடிச்சிருந்துச்சு. அப்பிடியே விட்டா காத்து பூந்துரும்ல, அதான் எல்லாத்துக்கும் மேல ஊத்திவிட்டேன்."

"ஊத்துறதுக்கு முன்னாடி தட்டுனீங்களா?"

அவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் என்ன கண்டானோ, துணியை நாலாக மடித்தான்.

"இல்ல பாப்பா. நான் ஏன் தட்டுறேன்."

பொய் சொல்லத் தெரியாத மனிதன். அலுமாரிக்குமேல் மரச்சுத்தியல் கிடந்தது, அதன் முகத்தில் வெள்ளை மெழுகு ஒட்டியிருந்தது. அதற்கு நேர்மேலே சுவரில் அவள் கையால் ஒட்டிய தாள் இருந்தது. குழாயைத் திறக்காதே, சாய்க்காதே, குலுக்காதே. அத்தனையும் இங்கிலீஷில். கொழும்புக் கம்பனி அனுப்பியதை அப்படியே ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று போயிருந்தாள். தமிழில் நாலு வரி எழுத அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மூன்று நாள் அவள் அண்ணனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எல்லாக் குழாயையும் தட்டியிருக்க மாட்டான், ஒன்றிரண்டாவது தப்பியிருக்கும் என்று ஒரு நப்பாசை. அது எது என்று தெரிந்தால் போதும், அதை வைத்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். ஈரத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒன்பது குழாய்க்குக் கப்பல் கணக்கே கிடையாது. அவன் வாயால் வந்தால்தான் உண்டு. அவன் கேட்டதற்கெல்லாம் இல்லை, இல்லை என்றான். சாமி மேல சத்தியம் என்றான். புதன்கிழமை சாயந்திரம், நாளைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறது என்ற நிலையில், குவாட்டர்ஸ் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எது எது தட்டலன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"நான் எதையுமே தட்டல."

"அந்த முடிவ வச்சுத்தான் கோபுரம் கட்டப் போறாங்க. நாளைக்கு அது சாஞ்சா?"

கஜேந்திரன் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். ஷாமிலா தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன் பாப்பா. மேல் லயத்து மண்ண நீதானே டெஸ்ட் பண்ணுன?"

"ஆமா."

"ஆபத்துன்னு எழுதுன. எழுதி நாலு வருசமாச்சு. மூக்கன் மாமா குடும்பம் இன்னும் அங்கதான் கெடக்கு. ஒருத்தன் வந்து எட்டிப் பாத்தானா? மலைக்கடியில மனுசன் தூங்குறான், அதுக்கு ஒரு பேப்பரு, அதோட சரி. கடல்ல ஒரு காத்தாடி நிக்கிறதுக்கு மட்டும் ஒனக்கு உண்மை வேணுமா?"

அவள் மேல்பிரிவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் தட்டுனேன்னே வச்சுக்க. சொன்னா சார் என்னைய வச்சிருப்பாரா? குவாட்டர்ஸ விடுவாரா? ஐப்பசி மழை தொடங்கிருச்சு. ஷாமிலாவ நான் எங்க கொண்டு போயி படுக்க வைக்கிறது, அத சொல்லு."

மஸ்கெலியாவில் அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும், படுத்த படுக்கையான மாமியாரும் ஒரே அறையில்தான் கிடந்தார்கள். வாங்க என்று கூப்பிட்டால்கூட அது வாய்வார்த்தையாகத்தான் இருக்கும். அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பேசாமல் விட்டுவிடுவோம், கடல் எங்கேயோ கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை வந்த பொறியியலாளர் சின்ன வயதுப் பெண். சிரித்த முகம். சிங்களத்தில்தான் பேசினாள், இடையிடையே இங்கிலீஷ். மேசையில் வரைபடத்தை விரித்து, ஐந்து முடிவுகளும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கின்றன, ஒவ்வொரு காலிலும் ஆறு மீற்றர் குறைத்துவிடலாம் என்றாள். சண்முகராஜாவுக்கு முகமெல்லாம் பல். இந்த வேலை சரியாக முடிந்தால் கடல் வேலை முழுவதும் இங்கேதான் வரும் என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுதர்ஷினி வரைபடத்தைப் பார்த்தாள். கோபுரத்தின் ஏணியில், உயரம் தெரிவதற்காக ஒரு ஆளை வரைந்திருந்தார்கள். எறும்பளவு ஆள். தலையில் தொப்பி, தோளில் பை. அவன் வேலைக்குப் போகிறான். யார் பெற்ற பிள்ளையோ, மண் நல்ல மண் என்று நம்பி ஏறிக்கொண்டிருக்கிறான். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அந்த முடிவுகளை எடுக்காதீங்க மிஸ்," என்று சிங்களத்தில் சொன்னாள். "குழாய்க்குள்ள மண் தட்டப்பட்டு இறுகியிருக்கு. கப்பல்ல பாத்த ஈரம் இப்ப இல்ல."

பொறியியலாளரின் சிரிப்பு நின்றது. யார் தட்டியது என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி வரும் என்று சுதர்ஷினிக்குத் தெரியும். பதிலும் தயாராகத்தான் இருந்தது. காலையில் பெக்டரிப் படி ஏறும்போதே அதைத் தீர்மானித்திருந்தாள். வேலை போனால் அவளுடையது போகட்டும். அவள் பெயரில் குவாட்டர்ஸ் கிடையாது.

"நான்தான்," என்றாள்.

சண்முகராஜா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன பேசுற நீ? அஞ்சு வருசமா இங்க இருக்க, நீ போயி குழாயத் தட்டுனியா?"

"மண்ணுக்கும் மெழுகுக்கும் நடுவுல இடைவெளி இருந்துச்சு சார். சரி பண்றேன்னு நெனச்சு தட்டிட்டேன். தப்புத்தான்."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பொறியியலாளருக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. கப்பல் போய்விட்டது, மழைக்காலம் முடியாமல் திரும்பி வராது என்றாள். ஒரு குழாயாவது கைபடாமல் இருந்தால் அதை வைத்துச் சமாளிக்கலாம், இல்லையென்றால் எல்லாம் போச்சு என்றாள். "எதைத் தட்டவில்லை? தட்டியது நீங்கள்தானே, உங்களுக்குத் தெரியுமே."

சுதர்ஷினிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தட்டினேன் என்றால் நல்ல மண்ணும் குப்பைக்குப் போகும். ஏதோ ஒரு நம்பரைச் சொல்லலாம் என்றால், அது தட்டிய குழாயாக இருந்தால் பழைய பாவமே திரும்ப வரும். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பொறியியலாளர் மறுபடி கேட்டாள், இந்த முறை கொஞ்சம் கடுமையாக.

"நாலும் பதினொண்ணும்."

கதவருகில் கஜேந்திரன் நின்றான். பத்தாம் நம்பர் குழாயை இயந்திரத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், அதை நிமிர்த்தி நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. அவனுடைய சிங்களம் சந்தைச் சிங்களம், ஆனாலும் எல்லாருக்கும் விளங்கியது.

"அந்த ரெண்டும் வாய்முட்ட நெறஞ்சிருந்துச்சு. எடவெளி இல்ல. அதனால தட்டல, மெழுகு மட்டும் ஊத்துனேன். மத்த பத்தையும் தட்டுனேன். தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது மிஸ், அது அன்னைக்கு ராகலையில இருந்துச்சு."

சுதர்ஷினி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், நிறுத்து என்று. மூன்று நாளாக இந்த வார்த்தைக்குத்தான் அவன் காலைப் பிடிக்காத குறையாக அலைந்தாள். இப்போது ஓடிப்போய் அவன் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அவன் நிறுத்தவில்லை. குழாயை மேசைமேல் பதமாக இறக்கி வைத்துவிட்டு, சுத்தியலை எப்படிப் பிடித்தான், ஒரு பக்கத்துக்கு எத்தனை தட்டு, தண்ணீர் ஊறியதும் எப்படி ஒத்தி எடுத்தான் என்று எல்லாவற்றையும் கையால் செய்து காட்டினான். பதினேழு வருஷத் தொழில் அந்தக் கையில் இருந்தது. பொறியியலாளர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் சார்," என்று கடைசியில் சண்முகராஜாவைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நம்பர் மண்ணைச் சுதர்ஷினி தானே வெட்டினாள், யாரையும் கிட்டே விடவில்லை. மூன்று நாள் ஊற வைத்து இயந்திரத்தில் ஏற்றினாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டத்தில் அது கஞ்சியானது. பதினொன்று இருநூற்று நாற்பது வரை நின்றது. கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இப்போதாவது தெரிந்ததே என்று நன்றி சொல்லியிருந்தார்கள், கால்களின் ஆழத்தை மறுபடி கணக்குப் போடப் போகிறார்களாம், மிச்ச வேலையும் இங்கேதானாம். கீழே இன்னொரு பத்தி இருந்தது. குழாய்களைத் தட்டிய ஊழியர் இனி மாதிரிகளுக்குக் கிட்டே வரக் கூடாது என்பது நிபந்தனை.

"தமிழ்ல எழுதி ஒட்டாதது என் தப்பு சார். என்னைய அனுப்பிட்டு அவர வச்சுக்கங்க," என்று அவள் கேட்டாள்.

"நீ போனா இந்த மெஷின ஓட்ட ஆள் இல்ல. பதினாறு பேர் வீட்டுக்குப் போகணும்." சண்முகராஜா பொல்லாத மனிதர் இல்லை, கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். "அவருக்குக் குடுக்க என்கிட்ட வேற வேலை இல்ல. புதுசா வர்றவரு ராத்திரியும் ஸ்டோரப் பாக்கணும், குவாட்டர்ஸ் இல்லாம முடியாது. மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும்."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் மாதக் கடைசி வந்தது. அந்த ஒன்பது நாளில் அவள் தோட்டத்து ஒபீஸுக்கும், தொழிற்சங்கத்து ஆட்களிடமும், நாலு வருஷத்துக்குமுன் தன் அறிக்கையை வாங்கிக்கொண்ட அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தாள். ஒரு இடத்தில் விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில், அந்த லயத்தில் இப்போது ஆட்கள் இருக்கிறார்களா என்று அவளையே கேட்டார்கள்.

அவர்கள் மேல்பிரிவுக்கு ஏறிய அன்று காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. கஜேந்திரன் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். சுதர்ஷினி பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வழியில் அவன் ஒரு தடவைகூட அவளைக் குறை சொல்லவில்லை. அந்த நாலாம் நம்பர் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு என்றாள். அவ்வளவுதானா என்று சொல்லிவிட்டு நடந்தான்.

லயத்தில் அவர்களுடைய பழைய காம்பரா, அந்த ஒரே அறை, பூட்டித்தான் கிடந்தது. உள்ளே பின்சுவரில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி மலை. எங்கே வெடிக்கும், எந்தப் பக்கமாக இறங்கும், எவ்வளவு தூரம் வரும் என்று எல்லாம் சுதர்ஷினிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது.

ஜீவராணி தரையைக் கூட்டி முடித்து, சுருட்டிய பாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காம்பராவின் நடுவில் நின்றாள். ஒன்பது நாளாக நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசாதவள் இப்போதுதான் வாயைத் திறந்தாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடச் சுதர்ஷினி தாங்கியிருப்பாள்.

"இந்த மண்ண டெஸ்ட் பண்ணுனவ நீதானே. புள்ளைய எந்தப் பக்கம் படுக்கப் போடுறது, நீயே சொல்லு."

வெளியே மழை பலத்தது. சுதர்ஷினி பின்சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், வாசலுக்கு எத்தனை எட்டு என்று கண்ணாலேயே அளந்தாள்.

"பின்சுவரு பக்கம் வேணாம் அண்ணி. கதவுகிட்டப் போடுங்க. தலை வாசப் பக்கமா இருக்கட்டும். மழை பேஞ்சா கதவுக்குத் தாப்பா போடாதீங்க."

கஜேந்திரன் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். சுதர்ஷினி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.